தார்நாகாவுக்குப் போன நான்கு பொட்டலங்கள்

டப். பகல் இரண்டு இருபத்தைந்து. முதல் குண்டு.

கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டாசு மாதிரி வெடிப்பதில்லை. குக்கரின் வெயிட் தெறித்துச் சுவரில் மோதுவது மாதிரி ஒரு சத்தம். பிறகு சீறல். பிறகு வெள்ளைப் புகை. தார்நாகா சந்திப்புக்கு இருநூறு அடி முன்னால் எங்கள் ஆட்டோ நிற்கிறது. முன்னால் கல்வீச்சு. பின்னால் பஸ். வலப்பக்கம் எல்லாரும் ஓடுகிறார்கள்.

"பாகோ மேடம்! டப்பா நக்கோ! பாகோ!"

ஆட்டோக்காரர் யாதகிரி. டப்பாவை விடு, ஓடு என்கிறார். ஓடுகிறேன். பத்தடி. நிற்கிறேன். திரும்பிப் பார்க்கிறேன். பின் சீட்டில் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. உள்ளே நான்கு பொட்டலம். அசனச் சோறு.

திரும்பி ஓடினேன். பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். இரண்டாவது குண்டு என் வலப்பக்கம் விழுந்தது. மூக்கில் மிளகாய்ப் பொடியை அள்ளித் திணித்தது போல இருந்தது. பெட்டியை விடவில்லை.

இதை முதலில் எழுதிவிட வேண்டும். விடச் சொன்னார்கள். எனக்குக் கேட்டது. நான் விடவில்லை.

2010. வெயில் ஏறிய ஒரு ஞாயிறு. எனக்கு இருபத்து நான்கு வயது. மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர். ஒரு புரோகிராம் எங்கே உடையும் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம்.

எங்கள் கோவில் செகந்திராபாத்தில். திருநெல்வேலியிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள். வருடம் ஒருமுறை பிரதிஷ்டை பண்டிகை. அன்று அசனம், சபையார் எல்லாருக்கும் பொது விருந்து. ஒரே அண்டாவில் கறிக்குழம்பு, ஒரே பந்தி. மேனேஜரும் வாட்ச்மேனும் பக்கத்தில் பக்கத்தில். வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே பொட்டலம் போகும். அசனச் சோற்றை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. கீழே கொட்டுவதும் இல்லை.

முந்தைய வருடங்களில் இலையில் கட்டி, பேப்பர் சுற்றி, துணிப்பையில் போட்டு ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு போவார்கள். ஆறித்தான் போகும். அந்த வருடம் பொட்டல வேலையை நான் கேட்டு வாங்கினேன். காரணம் எஸ்தர் சித்தி.

அம்மாவின் தங்கை. நாற்பத்தாறு வயது. தார்நாகாவில் வீடு. புற்றுநோய்க்கு நான்காவது கீமோ முடிந்திருந்தது. கூட்டத்துக்கு வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முந்தின வாரம் போனில் பேசினாள்.

"ஏட்டி ஷீபா, போன வருசம் அசனம் ஐஸ் மாதிரி வந்துச்சு. இந்த வருசமாவது சூடா தருவியா, இல்ல கம்ப்யூட்டர்ல படம் போட்டு அனுப்புவியா?"

"சூடா வரும் சித்தி. ஆவி பறக்கும்."

"ஹவ்? அப்படியா? பாக்கலாம், பாக்கலாம்." சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "நாக்குல ஒண்ணும் தெரியலட்டி. மூக்கும் செத்துப்போச்சு. சூடு ஒண்ணுதான் தெரியுது."

மறுநாளே தெர்மோகோல் பெட்டி வாங்கினேன். இரண்டு. எக்செல்லில் வீடுகளின் பட்டியல் போட்டேன். பதினொரு பொட்டலம். போவன்பள்ளிப் பக்கம் ஏழு, என் அண்ணன் பைக்கில். தார்நாகாப் பக்கம் நான்கு, நான்.

குழம்பு இறங்கியது பத்தரை மணிக்கு. பொட்டலம் கட்டியது பதினொன்று ஐம்பதுக்கு. பெட்டியை மூடி டேப் ஒட்டியது பன்னிரண்டு பத்துக்கு. அடுப்படியிலிருந்து செல்லத்துரை அண்ணாச்சி கத்தினார். எங்கள் அசனத்துக்கு வருடா வருடம் சமைப்பவர். கையில் அகப்பை.

"ஏம்மா! சூட்டோட போட்டு அடைக்காத! வேர்த்துரும்! காத்தாடக் கொண்டு போ!"

"அண்ணாச்சி, இது டெக்னாலஜி!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் கேட்கிறது.

அண்ணன் பன்னிரண்டு ஐம்பதுக்கு ஏழையும் கொடுத்து முடித்தான். ஏழு வீட்டிலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் ஆட்டோ இருபது நிமிடத்தில் சேர வேண்டியது. தனி மாநிலம் கேட்டுப் போராடும் மாணவர்கள் வழி மறித்திருந்தார்கள். சுற்றினோம். மறுபடி மறியல். இரண்டு இருபதுக்குத்தான் சந்திப்பின் அருகே வந்தோம். மீதியை மேலே எழுதிவிட்டேன்.

ஒரு பேக்கரியின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. குனிந்து நுழைகிறேன். உள்ளே ஒன்பது பேர். இருட்டு. கேக் அடுப்பின் வெக்கை. வெளியே டப். டப். எண்ணுகிறேன். மொத்தம் ஆறு. கடைக்காரர் ஈரத்துணி தருகிறார். என் மடியிலிருக்கும் பெட்டியைப் பார்த்து, மனுஷர்கள் உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், நீ பார்சலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாயே, பிரியாணியா என்று தெலுங்கில் கேட்கிறார். எல்லாரும் இருமிக்கொண்டே சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆம், பெருமை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். மூடி இறுக்கமாக இருந்தது.

ஐந்து பத்துக்கு ஷட்டர் ஏறியது. நடந்தேன். சித்தி தெருவில் முதல் மூன்று வீடுகளுக்குக் கொடுத்தேன். ஒன்று பூட்டியிருந்தது, கிரில்லில் மாட்டினேன். ஐந்து முப்பத்தைந்துக்குச் சித்தி வீடு.

தலையில் ஸ்கார்ஃப். கன்னம் ஒட்டியிருந்தது. பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"ஏட்டி! சுடுது!"

சுடவில்லை. வெதுவெதுப்பு. அவளுக்கு அது போதும்.

"ஆனா ஆவி பறக்கும்னியே, எங்க?"

"குண்டு போட்டதுல பயந்து பறந்துட்டு சித்தி."

சிரித்தாள். ஜெபம் பண்ணினாள். சாப்பிட்டாள். ஒரு மாதமாக இரண்டு இட்லிக்கு மேல் இறங்காதவள் முழு இலையையும் வழித்துச் சாப்பிட்டாள். எனக்கும் ஒரு உருண்டை ஊட்டினாள். என் மூக்கிலிருந்து இன்னும் நீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

ஏழேகாலுக்குச் சித்தப்பா பாலாநகர் ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து வந்தார். குப்பைக்கூடையைக் கடந்தவர் நின்றார். குனிந்தார். இலையை எடுத்து முகர்ந்தார்.

"என்ன இது? புளிச்ச வாடை அடிக்கி!"

சித்தியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். "அசனம் ஒண்ணும் செய்யாது, சும்மா இருங்க" என்றாள் சித்தி. நானும் தலையாட்டினேன்.

திங்கள். காலை நான்கு ஐம்பது. சித்தப்பாவின் போன். அப்போது நானும் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆஸ்பத்திரி. அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில், நான் பொது வார்டில். டாக்டர் என்னிடம் கேட்டது மணி மட்டும்தான். எத்தனை மணிக்கு இறக்கினீர்கள்? எத்தனை மணிக்கு மூடினீர்கள்? எத்தனை மணிக்குத் திறந்தீர்கள்? சொன்னேன். எழுதிக்கொண்டார். கொதிக்கக் கொதிக்க இருந்தால் பயமில்லை, உடனே சாப்பிட்டாலும் பயமில்லை என்றார். சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் மூடியே கிடந்த அந்த ஐந்து மணி நேரம்தான் கிருமி வளர்த்தது என்றார். உங்களுக்குத் தாங்கும். கீமோ எடுத்த உடம்பு தாங்காது.

புதன். காலை பதினொன்று இருபது. சித்தி இறந்தாள். அதே நாள் நான்கு மணிக்கு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடக்கத்தில் பேச்சு எழுந்தது. கறி பழசு. அண்ணாச்சி ஏமாந்துட்டார். அண்ணாச்சி சுவரோரம் நின்றிருந்தார். மறுக்கவில்லை. "நாந்தான சமைச்சேன்" என்றார். என்னைப் பார்த்தார். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று வருடம் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். கறி நல்ல கறி. அதே அண்டாவிலிருந்து முந்நூறு பேர் பகலில் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் வயிறு வலிக்கவில்லை. அடைத்தது நான். கெட்டது என் பெட்டியில்.

பொட்டலம் நான்கு. ஒன்று பூட்டிய வீட்டுக் கிரில்லில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. ஒன்றை அடுத்த வீட்டுப் பிள்ளைகள் முகர்ந்துவிட்டு நக்கோ, வேண்டாம் என்று நூடுல்ஸ் கேட்டார்கள், பிழைத்தார்கள். ஒன்றை மூன்றாம் வீட்டுச் சாமுவேல் சார் வாடை தெரிந்தும், அசனமாயிற்றே என்று இரண்டு கவளம் விழுங்கி, மூன்று நாள் படுத்து எழுந்தார். நான்காவது எஸ்தர் சித்தி.

வீடுகளுக்குப் பொட்டலம் அனுப்புவதைச் சபை நிறுத்திவிட்டது. பண்டிகை நாளில் வர முடியாதவர்களுக்கு இப்போது அசனம் இல்லை. அண்ணாச்சி அகப்பையைத் தொடுவதில்லை. பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வெறும் சோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார்.

யாதகிரியின் ஆட்டோ கண்ணாடி உடைந்தது. அவர் நெற்றியில் நான்கு தையல்.

பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.