தாய்மாமனைத் தள்ளிய மூன்று மொழிகள்

"பைத்தான் ப்ரோக்ராம்ல ஒரே வரியில எங்க நெம்மேலி மாமன காணாம பண்ட்டேன், மச்சான்."

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில், மடியில் பழத்தட்டும் கல்யாணப் பத்திரிகையுமாக இருந்த கல்யாண மாப்பிள்ளை இதைச் சொன்னான். பக்கத்திலிருந்த நண்பன் திரும்பினான்.

"இன்னாடா சொல்ற?"

"பத்திரிகை வேலய நானே பாத்துக்கிறேன்னு அம்மாகிட்ட சொல்லி, ப்ரோக்ராம் போட்டு லிஸ்ட்டு எடுத்தேன். மாமன் மாதிரி நேர்ல போயி பத்திரிகை வெக்கிறவங்களுக்குத் தபால் வேணாம்னு தள்ளிட்டேன். அப்பால நேர்ல வெக்கிற லிஸ்ட்ட எடுக்கவே இல்ல."

"எடுக்காம இன்னா பண்ணிகினு இருந்த?"

"தபால் லிஸ்ட்டையே சி ஷார்ப்லயும் எடுத்துப் பாத்தேன். யார் யார் வேணும்ங்கிற கேள்விய அந்த மொழிக்குள்ளயே எழுதலாம், ஷோக்கா கீது. ஜாவால லிஸ்ட்ட தொறந்து, வடிகட்டி, திரும்பச் சேக்கணும், பேஜாரு. எது பெஸ்ட்டுன்னு பத்து நாளு பாத்துகினு இருந்தேன்."

"மூணுலயும் மாமன் இல்லன்னு தெரியலயா?"

"மூணுலயும் ஒரே லிஸ்ட்டு வந்துச்சி. அதான் கரெக்டுன்னு நம்பிட்டேன்."

"நாளான்னிக்கி கல்யாணம். மாமன் இன்னா சொன்னாரு?"

மாப்பிள்ளை தட்டில் சாய்ந்த வாழைப்பழத்தை நிமிர்த்தினான்.

"இதெல்லாம் போன்ல வெளக்கிச் சொன்னேன். 'மூணு பாஷைல கேட்டியே நைனா, உங்கம்மாவ தமிழ்ல ஒரு வார்த்த கேட்டியா?'ன்னாரு."