இழுபறி அண்ணன் இழுத்த மூச்சு

அண்ணனின் இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்து மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, அண்ணியாரே, வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் என் இசைக்குழுத் தோழர்களே, வணக்கம்.

சாக்ஸபோன் மாமேதை! ஒப்பற்ற இசையமைப்பாளர்! நமக்கோ அவர் வெறும் இழுபறி அண்ணன். தாளத்துக்குச் சரியாக என்றைக்காவது நுழைந்திருக்கிறாரா அந்த மனிதர்? கேட்டால், "இது ஜாஸும்மா, அவசரப்பட்டா கெட்டுப்போயிடும்" என்பார். வயலின்காரியான நானோ ஒன்று, இரண்டு என்று எண்ணியே வளர்ந்தவள். எத்தனை சண்டை! ஒருநாள் எங்கள் எல்லோரையும் பார்த்து, "எண்ணாதீங்க. நான் மூச்சு இழுக்கிறதக் கேளுங்க, அதான் சைகை" என்றார். கேட்டோம். அத்தனை பேரும் ஒன்றாக நுழைந்தோம்!

அவருடைய ஜாஸ், அவர் மகள் கணினியில் பனிமூட்டம் போலப் பரப்பும் மின்னிசை, எங்கள் இசைக்குழு, மூன்றும் சேர்ந்த ஓர் ஆல்பம் செய்துகொண்டிருந்தோம். கடைசிப் பாட்டில் தன் பங்கை ஊதிப் பதிவுசெய்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் பங்கு பாக்கி.

போன வாரம் ஸ்டுடியோவில் உட்கார்ந்தோம். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே, ஒரே சந்தைக்கடை! என்ன கோளாறு? இரைச்சலை நீக்கும் மென்பொருள் அவர் மூச்சையும் இரைச்சல் என்று துடைத்திருந்தது. மகள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஐயோ, ஹெட்போனில் அந்த மூச்சு, காதுக்குப் பக்கத்தில்! திரும்பி அவர் நாற்காலியைப் பார்த்தேன். யாரும் இல்லை.

அதோடு முடிந்ததா? ஊதி முடித்த பிறகும் ஒரு மூச்சு இழுக்கிறார். அங்கே பதிவு நிற்கிறது. மகள் ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள்.

"அத்தை, இழுத்தவர் விடவே இல்ல. எனக்குப் பயமா இருக்கு. இந்தப் பாட்டே வேணாம், அழிச்சிடறேன்!"

எனக்கு மட்டும் பயமில்லையா? வீட்டில் குக்கர் சீறினாலும் தூக்கிவாரிப் போடுகிறது! ஆனால் யோசித்துப் பார், மகளே. அவர் எழுதிய பாட்டில் அந்த இடத்துக்குப் பிறகு சாக்ஸபோன் கிடையாது. இசைக்குழு மட்டும்தான். அது அவருக்கான மூச்சு இல்லை, கண்ணு. எங்களுக்கான சைகை. அவர் இழுத்துவிட்டார், விட வேண்டியவர்கள் நாங்கள்.

இந்த ஆல்பத்தை முடிப்போம். அந்த மூச்சை எவரும் துடைக்க விடமாட்டோம். இது இந்தச் சபையில் நாங்கள் தரும் வாக்கு. பயம் போய்விட்டதா? இல்லை. ஆனாலும் வில்லை இதோ கையில் எடுத்துவிட்டேன்.

அனைவரும் எழுந்து நில்லுங்கள். இன்றைய மௌனம் ஒரு மூச்சு நேரம்தான். தோழர்களே, தயவுசெய்து எண்ணாதீர்கள்.

அப்பாவின் அந்த மூச்சைப் போடும்மா.