மூணாவது மிஸ்டு கால்

— நிஜத்தைச் சொல்லு சரசு, காலம்பற மூணு மிஸ்டு கால் அடிச்சியா இல்லையா?

— அடிச்சேன்னா. அதுக்கென்ன இப்போ? இப்பத்தான் வைஷு ஆத்து வைஃபையில வந்து உக்காந்தேன். ஹலோகூடச் சொல்லலை, அதுக்குள்ள போலீஸ் விசாரணை!

— ஒண்ணு அடிச்சா சௌக்கியம். ரெண்டு அடிச்சா சாப்பிட்டாச்சு. மூணு அடிச்சா?

— போறுமே. மாப்பிள்ளை பக்கத்துல இருக்கார்.

— இருக்கட்டும், அவரும் கத்துக்கட்டும். மூணு அடிச்சா, 'நீங்க இல்லாம முடியலை, கிளம்பி வாங்கோ.' புனே ஏர்போர்ட் வாசல்ல சிரிச்சுண்டே ஒத்துண்டவ நீதான்.

— எல்லாம் உங்க படுத்தல்தானே? 'ரோமிங்ல இருமினாக்கூடத் தனி பில் வரும், நம்ம கோர்படி ஃபிளாட் ஏலத்துக்குப் போயிடும்'னு பயமுறுத்தினேளே! டேட்டாவை அணைச்சு, ஃபோன் மேல டேப் வேற ஒட்டி அனுப்பினேள். பாங்காக்கே பார்த்துச் சிரிக்கறது.

— அந்த டேப்பாலதான் நம்ம வம்சமே தப்பிச்சுது.

— தப்பிச்சது நீங்கதான். வைஷு உங்களுக்கும் சேர்த்துத்தானே விசா வாங்கினா? 'இழுக்கச் சங்கிலி இல்லாத வண்டியில ரயில்வே கார்டு சேஷு ஏறமாட்டான்'னு காலனி முழுக்கத் தமுக்கு அடிச்சேள்.

— ஆயுசு பூரா கார்டா இருந்தவனுக்கு ஒரு கொள்கை வேண்டாமா? அது கிடக்கட்டும். அந்த மூணாவது கால், கை தவறியா, தெரிஞ்சா? தவறின்னா இப்பவே சொல்லிடு. இன்னும் கதவைச் சாத்தலை.

— எந்தக் கதவை?

— ஆத்துக் கதவைத்தான். தூத்வாலா வருவான்.

— இந்த நேரத்துல பாலா? ராமா, யாரது பொம்மனாட்டி குரல்? தண்ணி வேணுமான்னு இங்கிலீஷ்ல கேக்கறா?

— அரே, அது டிவி. பேச்சை மாத்தாதே. தவறியா?

— தவறலைன்னா. நேத்து படகுல போனோம். கரையில ஒரு உடும்பு படுத்துண்டிருந்தது. நீங்க இருந்தா அதை முதலையாக்கி, அது படகையே முழுங்க வந்ததா ஊரெல்லாம் சொல்லியிருப்பேள். வெறும் உடும்பாவே பார்த்துண்டு வந்தேன். ஒண்ணும் ரசிக்கலை.

— சத்தியமா?

— சத்தியமா.

— அது போறும். வெச்சுடறேன். இந்தப் பொண்ணு ஃபோனை ஃப்ளைட் மோடுல போடச் சொல்றா. அடியே சரசு, இந்த வண்டியில நிஜமாவே சங்கிலி இல்லைடி!