பிரகதாம்பாளின் ஞானப்பல்

— கத்தாதீங்க அக்கா, தையல் பிரிஞ்சுடும். ஞானப்பல்லை எடுத்து இன்னும் நாலு நாள் முழுசா ஆகல.

— பிரியட்டும்! உன் மகன் கிளமென்டுக்கு என் மாலதியைக் கேட்க உனக்கு என்னடி துணிச்சல், ஆரோக்கியம்?

— திருட்டுத்தனமாவா கேட்டேன்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்க இதே கட்டில்ல படுத்திருந்தப்ப, பக்கத்துல உட்கார்ந்து பதவிசா கேட்டேன். 'ம்ம்'னு தலையாட்டினீங்க.

— பல்லைப் பிடுங்கின குழியில பஞ்சை வச்சுக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்டி! கன்னம் பூசணிக்காயாட்டம் வீங்கியிருந்துச்சு. தலையாட்டாம பின்னே பிரசங்கமா பண்ணுவேன்?

— மாதாவே! அந்தப் பஞ்சுக் கதையை என்கிட்ட விடாதீங்க. அரை மணி நேரம் கடிச்சுட்டு எடுத்துப் போடுங்கன்னாங்க டாக்டரம்மா. காலையில பதினொரு மணிக்கு வச்ச பஞ்சுக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க வாயில என்ன வேலை?

— ரத்தம் கசிஞ்சுச்சு.

— கசிஞ்சது ரத்தமில்ல, தெருக்கதை. பேச முடியாதவகிட்ட எதைச் சொன்னா என்னன்னு தெருவே வந்து கொட்டிட்டுப் போச்சு. கமருன்னிஸா மருமக தனிக்குடித்தனம் கேட்கிறதுலேருந்து ஒண்ணு விடல நீங்க. கேட்ட ருசியில பஞ்சை மாத்தி மாத்தி வச்சுக்கிட்டீங்க. அந்த வரிசையில என் பிள்ளைக்கும் சேர்த்துத் தலையாட்டிட்டீங்க.

— ஆமா, இவ பெரிய யோக்கியம்! முதல் நாளே உப்புத் தண்ணியைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டாந்து 'கொப்பளிங்கக்கா'ன்னவதானே நீ? இருபத்திநாலு மணி நேரத்துக்குக் கொப்பளிக்கவே கூடாதுன்னு சீட்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. மகன் பெங்களூருல கம்ப்யூட்டர் தட்டுறான், ஆத்தாளுக்கு ஒரு சீட்டு படிக்கத் துப்பில்ல. இந்த லட்சணத்துல சம்பந்தம்!

— நீங்க பார்த்து வச்சிருக்கிற வலங்கைமான் தியாகேசன் மட்டும் என்னவாம்? முப்பத்தெட்டு வயசாச்சு. நாத்தங்காலுக்கும் நட்ட வயலுக்கும் வித்தியாசம் தெரியாத மிராசு!

— அண்ணி! தெருமுனை வரைக்கும் கேட்குது. என் மச்சான் தியாகேசன் பேரு எதுக்கு இங்க அடிபடுது?

— வாங்க குணசேகரன் தம்பி. உங்க அண்ணன் போனதுலேருந்து மாலதி வாசப்படி தாண்டுறதுன்னாலும் உங்களைக் கேட்டுத்தானே தாண்டுறா? இந்த ஆரோக்கியம் பண்ணியிருக்கிற வேலையைப் பாருங்க.

— மாலதி எங்கே?

— எனக்கு மாத்திரை வாங்கிட்டு வரேன்னு காலையில போனா, தம்பி. இன்னும் காணோம்.

— மணி ஒண்ணாகுது, மாத்திரைங்கிறீங்க! ஆவணியில கல்யாணம்னு மச்சானுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஏம்மா ஆரோக்கியம், உன் பையன் எங்கே?

— தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். அந்த வேளாங்கண்ணி மாதா முன்னாடி நிக்கிற பிள்ளைங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

— ஓ! வேளாங்கண்ணியா?

— ஐயோ, நான் அப்படிச் சொல்லலையே!

— வாய்க்குப் பூட்டே இல்லாத பொம்பளை, தானா உளறிட்டா. தாலி ஏறுறதுக்குள்ள போய் இழுத்துட்டு வரேன். அண்ணி, பஞ்சைக் கடிச்சுக்கிட்டு ஊர்க்கதை கேட்டீங்கல்ல? நல்லா வேணும் உங்களுக்கு!

— கார் எந்தப் பக்கம் திரும்புச்சு, ஆரோக்கியம்?

— திருவாரூர் ரோட்டுல அக்கா. கிழக்கே பறக்குது.

— அப்பாடா. அதுங்க ரெண்டும்?

— பெங்களூரு வண்டி திருச்சியைத் தாண்டிடுச்சாம். இப்பத்தான் கிளமென்ட் மெசேஜ் போட்டான்.

— வெள்ளிக்கிழமையே கிளம்புடின்னேன், கேட்டாளா? ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்ட கையோட வந்து, அம்மா வீக்கம் வடியட்டும்னு மூணு நாள் ஐஸ் ஒத்தடம் குடுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா புதுப்பொண்ணு.

— நீங்க டாக்டர் நாற்காலியில வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடந்த நேரத்துல, நான் அடுத்த தெருவுல சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தேன். அது கிடக்கட்டும். 'சீட்டு படிக்கத் துப்பில்ல'ன்னீங்களே, அது நாம பேசி வச்சதுல இல்லையே?

— நான் பஞ்சை மாத்தி மாத்தி வச்சது மட்டும் பேசி வச்சதுல இருந்துச்சா?

— அது நெசம்தானே அக்கா!

— இதுவும் நெசம்தான். அந்தக் கஞ்சியை எடு. ஆறிடுச்சா? ஸ்ட்ரா போடாதே, உறிஞ்சக்கூடாது. ஸ்பூனைக் குடு.

— இந்தாங்க சம்பந்தி. ரொம்ப வலிக்குதா?

— இப்பத்தான் வலிக்குது.

— இப்பத்தானா? பல்லு வலின்னுதானே எடுக்கப் போனீங்க?

— அது கோணலாப் படுத்திருக்கு, எடுத்துடலாம்னு டாக்டரம்மா ரெண்டு வருஷமாச் சொன்னாங்க. ஒரு நாள்கூட வலிச்சதில்லடி. மாலதியைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுக் கும்பகோணம் போகணும்னு குணசேகரன்கிட்ட வேற என்னத்தைச் சொல்லிக் கேட்பேன்?