பதினேழாவது நிமிஷம்

இஸ்திரி போடாத துணியை நான் உடுத்தறதில்லை, மேடம். சின்ன வயசிலிருந்தே அப்படி ஒரு பழக்கம். அக்காவைத் தெரிய வந்ததே அதனாலதான். பல்கலைக்கழக விடுதியோட சலவை அறையில துணி தேய்ச்சுக்கிட்டே தனக்குத்தானே ஏதோ பேசிக்கிட்டிருந்தாங்க. நான் அப்ப மொழியியல் துறையில புதுசு. எனக்குத் தெரிஞ்ச எந்த மொழிக் குடும்பத்திலயும் அந்தப் பேச்சைச் சேர்க்க முடியலை. கையில கசங்கின சட்டையோட அரை மணி நேரம் அங்கேயே நின்னேன்.

நீங்க அவங்களுக்காக அப்பீல் போடற வக்கீல். என் வாயைக் கிளற நீங்க சிரமப்பட வேண்டியதில்லை. நானே சொல்றேன்.

அவங்க ஆளுங்க மலைக்கு அந்தப் பக்கம், மொத்தமே நானூறு பேர்தான். இங்க அவங்களும் ஏழு வயசுப் பொண்ணும் மட்டும். இந்த ஊர்ப் பேச்சுல அவங்களுக்கு வந்ததெல்லாம் 'சட்டை', 'நாளைக்கு', 'சரிம்மா', அவ்வளவுதான். நாலு வருஷம், தினமும் சாயங்காலம், அந்தச் சூட்டில உட்கார்ந்து அவங்க மொழியைக் கத்துக்கிட்டேன். தப்பாச் சொன்னா துணிக்குத் தெளிக்கிற தண்ணியை என் மேல தெளிச்சுச் சிரிப்பாங்க. இருநூறு மணி நேரத்துக்கு மேல பதிவு பண்ணியிருக்கேன். அவங்க கதைகளை மத்த மொழிக் கதைகளோட ஒப்பிட்டு எழுதறதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. பொண்ணுக்குக் காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது நான்தான். டாக்டர் சொன்னதை அக்காவுக்கும், அக்கா சொன்னதை டாக்டருக்கும் ஒரு வார்த்தை பிசகாம எடுத்துச் சொல்லியிருக்கேன்.

அவங்ககிட்ட ஒரு கதை இருந்துச்சு. மனுஷனுக்குப் பேச்சு எப்படி வந்ததுன்னு மூணு நாள் சொல்ற கதை. என் ஆய்வுக்கு உயிரே அதுதான். முழுசா எழுதி முடிச்சிட்டு வெளியிடலாம்னு பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். அதுக்குள்ள எங்க துறையில ஒரு ஜூனியர் வந்தா. எட்டு மாசம் அரைகுறையாக் கத்துக்கிட்டு அக்காகிட்ட போய்க் கேட்டிருக்கா. அக்கா மூணு நாளும் உட்கார்ந்து சொல்லிட்டாங்க. அவ எனக்கு முந்தி பத்திரிகையில வெளியிட்டுட்டா. வேற தலைப்பு பாத்துக்கம்மான்னுட்டார் என் நெறியாளர். நாலு வருஷ உழைப்பு, ஆத்துல கரைச்ச புளி.

அக்காகிட்ட ஏன்னு கேட்டேன். தேய்க்கறதை நிறுத்தாமலே சொன்னாங்க.

"கேட்டா, சொன்னேன். நீயும் கேட்டுத்தானே வாங்கிக்கிட்டே?"

அவங்க ஆளுங்ககிட்ட யாரு வந்து கதை கேட்டாலும் இல்லைன்னு சொல்லக் கூடாது. தாகத்துக்குத் தண்ணி தராத பாவம் அது. இதை என் ஆய்வேட்டோட ரெண்டாம் அத்தியாயத்தில, அடிக்குறிப்போட, நானே எழுதியிருக்கேன். ஏட்டில எழுதறது வேற, நம்ம தலையில வந்து விழறது வேற. நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டாங்க, மேடம். அன்னைக்கும் அப்படித்தான் நினைச்சேன், இன்னைக்கும் அப்படித்தான். ஆனா முகத்தைத் தூக்கி வச்சுக்கிறது எனக்கு வராது. எப்பவும் போல துணி கொடுத்தேன், வாங்கினேன்.

ரெண்டு மாசம் கழிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், சலவை அறை தீப்பிடிச்சது. மாடியில படுத்திருந்த காவலாளி புகையில மூச்சு முட்டிச் செத்துப் போனார். அக்காவை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவங்க மொழி தெரிஞ்ச வெளியாளுங்க ஊர்ல ரெண்டே பேர். ஜூனியர், அதே கதையைப் பத்திக் கட்டுரை வாசிக்க வெளிநாடு போயிருந்தா. அதனால என்னைக் கூப்பிட்டாங்க.

இன்ஸ்பெக்டர் மரியாதையான மனுஷன். ஃபேனுக்குக் கீழ நாற்காலி போட்டுக் கொடுத்தார். கடைசியா அறையில இருந்தது யாரு, இஸ்திரிப் பெட்டியை அணைச்சாங்களான்னு கேட்டார். அக்கா அவரைப் பாக்கலை. என் முகத்தைப் பாத்து, நிதானமாச் சொன்னாங்க.

"பெட்டியை அணைச்சேன். வயரைப் பிடுங்கிச் சுத்தி வச்சேன். சாவியை விடுதி வார்டன்கிட்ட கொடுத்தேன். அவர் சிகரெட்டோட உள்ள போனார். நான் வீட்டுக்கு வந்துட்டேன்."

நான் இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னது இது.

"அணைச்ச ஞாபகம் இல்லைங்கறாங்க, சார். பொண்ணு அழுதுச்சாம். அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்களாம்."

அவர் எழுதினார். பேனாவை நிறுத்தி, நிச்சயமாத்தான் சொல்றாங்களான்னு கேட்டார். நான் அக்கா பக்கம் திரும்பி, அவங்க மொழியில, "நீங்க சொன்னதெல்லாம் உண்மைதானேக்கா?"ன்னு கேட்டேன். அவங்க அழுத்தமாத் தலையாட்டினாங்க. அவர் அதைப் பாத்தார். அக்கா கைநாட்டு வச்சாங்க.

கோர்ட்டிலயும் நான்தான். ஏழு வருஷம்னு தீர்ப்பு வந்தப்ப, நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன்க்கா, அவங்க நம்பலைன்னு சொன்னேன். பொண்ணை இல்லத்துல சேர்த்துட்டாங்க. போய்ப் பாக்க எனக்கு நேரம் கிடைக்கலை.

இப்ப ஜூனியர், அந்த விசாரணையை ஸ்டேஷன்ல பதிவு பண்ணின ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தில கொடுத்திருக்கா. படிச்சேன். நல்லாப் பண்ணியிருக்கா, குறை சொல்ல மாட்டேன். அக்கா சொன்னதும் அதுல இருக்கறபடிதான், நான் மாத்திச் சொன்னதும் அதுல இருக்கறபடிதான். தெரிஞ்சேதான் மாத்தினேன். கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

ஒரே ஒரு இடம் விட்டுப் போச்சு. பதினேழாவது நிமிஷம், நாற்காலி இழுக்கற சத்தத்துல அவளுக்குக் கேட்டிருக்காது. கைநாட்டு வச்ச மையோட அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீ இல்லேன்னா என் பேச்சை யாரு இவங்ககிட்ட கொண்டு சேர்த்திருப்பா?"ன்னு கேட்டாங்க.

என்ன சொல்றாங்கன்னு இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒண்ணுமில்லை சார்னுட்டேன். அது எனக்குன்னு சொன்னது. ஒருத்தங்க நம்பிச் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட கொண்டுபோய்க் கொட்டற ஆள் நான் இல்லை, மேடம்.