மாலை போட்ட மூணு மாசம்

— மாலையத்தான் கழட்டியாச்சுல்ல, இன்னும் என்ன இருளாயி ‘சாமி’ங்குற? பழையபடி மாமான்னு கூப்புடு.

— மூணு மாசமா சாமி சாமின்னே வாய் பழகிப்போச்சு மாமா. மொத சபரிமலை. எறங்கி வந்த மறுநாளே பழனிக்கு ஒரு மாலை. ஒம் புருசன் சோணைக்கு என்ன அம்புட்டு பக்தின்னு தெருவே கேக்குது.

— பக்தியெல்லாம் இல்ல புள்ள. அதச் சொல்லத்தான் ஒன்னயத் தெப்பக்குளத்துக்குக் கூட்டியாந்தேன். வீட்டுலன்னா ஒங்க அம்மா காதுல விழுகும்.

— சொல்லுங்க. கடலையையும் தின்னுக்கிட்டே சொல்லுங்க, சூடு ஆறுது.

— ஐப்பசி நடுவுல, எங்க ஆஸ்பத்திரியில சலவைக்குப் போட துணி பிரிச்சுக்கிட்டிருந்தேன். பெட்ஷீட்டுக்குள்ள ஊசி கெடந்திருக்கு. வெரல்ல ஏறிருச்சு. ஊசிக்குள்ள ரத்தம். யாருக்குப் போட்டதுன்னு தெரியல.

— எந்த வெரலு?

— இந்தா, இது. இப்பத் தழும்புகூட இல்ல. வேலை போயிருமோன்னு ஒரு வாரம் வாயே தொறக்கல. அப்புறம் பயம் தாங்காம கவர்மெண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அங்க கவுன்சிலர் அம்மா ஒருத்தங்க. மூணு நாளைக்குள்ள வந்திருந்தா மாத்திரை குடுத்துப் பாத்திருக்கலாமேன்னு வருத்தப்பட்டாங்க. எச்ஐவிக்கு ரத்தம் எடுத்தாங்க. ஒண்ணும் இல்லன்னுதான் வந்துச்சு.

— ஒண்ணும் இல்லன்னா அப்புறம் எதுக்கு மாலை?

— அதானே நானும் கேட்டேன். ‘இந்த ரிசல்ட்டு ஊசி குத்துறதுக்கு முந்தி நீங்க எப்படி இருந்தீங்கன்னுதான் சொல்லும். புதுசா கிருமி ஏறியிருந்தா இப்பக் காட்டாது. ஆறு வாரத்துல ஒருதரம் வாங்க, மூணு மாசத்துல ஒருதரம் வாங்க. அதுதான் கடைசிப் பேச்சு’ன்னாங்க. அதுவரைக்கும் பொண்டாட்டிகிட்டருந்து வெலகிப் படுக்கணும், இல்லாட்டி உறை போட்டுக்கிடணும்னாங்க.

— உறை போட்டுக்கிட்டிருக்கலாம்ல?

— புதுசா என்னன்னு நீ கேப்பேல்ல.

— கேட்டுத்தான் இருப்பேன்.

— அதான். மறுவாரம் கார்த்திகை பொறந்துச்சு. மாலையப் போட்டு, பாயைத் தனியா விரிச்சுட்டேன். சபரிமலைக்கு ரெண்டு மாசம் ஓடுச்சு. மிச்ச நாளுக்குப் பழனி முருகன்.

— ரெண்டு சாமியவும் வேலை வாங்கியிருக்கீக.

— சிரிக்காத புள்ள. மொதத் தாளக் கையில வச்சுக்கிட்டு எத்தன ராத்திரி முழிச்சுக் கெடந்தேன் தெரியுமா? அதுல ஒண்ணுமில்லன்னுதானே இருக்கு, போதாதான்னு மனசு சொல்லும். நீ அந்தப் பக்கம் தூங்கிக்கிட்டிருப்ப. ஒனக்கு ஒண்ணு ஆயிட்டா? பொறவு எந்தத் தாள் என்னத்துக்கு ஆகும்?

— ஆறு வாரத்துல என்ன சொன்னாக?

— அப்பவும் இல்ல. இன்னைக்குக் காலைல மூணாவதும் வாங்கியாந்துட்டேன். கிருமி சுத்தமா இல்லையாம். இனிமே வரவேணாம்னுட்டாங்க. என்ன புள்ள, கோவமா?

— கோவமெல்லாம் இல்ல. மாலை போட்ட மொத வாரத்துலயே ஒங்க சட்டையத் தொவைக்கையில ஒரு அட்டை கெடச்சுச்சு. பேரு இல்ல, ஒரு நம்பரு, தேதி, பெரியாஸ்பத்திரி ரூம் நம்பரு, அம்புட்டுத்தான். அதுல இருந்த ரூமத் தேடிப் போனேன். போர்டுல எச்ஐவின்னு போட்டிருந்துச்சு.

— அங்க போனியா? அந்தம்மா சொல்லிட்டாங்களா?

— ஒங்களப் பத்தி ஒரு வார்த்தை வாங்க முடியல. பொதுவாக் கேட்டேன். மூணு மாசம் போனாத்தான் முடிவாத் தெரியும்னாக. நாள எண்ணிக்கிட்டிருந்தேன்.

— ஊசின்னு ஒனக்குத் தெரியாதுல்ல?

— எனக்கு எப்படித் தெரியும்? எவ வீட்டுக்கோ போயிட்டு வந்திருக்கீகன்னுதான் நெனச்சேன்.

— அப்படி நெனச்சுக்கிட்டா தெனமும் விடியக்காலைல குளிச்சு எனக்குச் சோறாக்கிப் போட்ட? ஒருதரம் கேட்டிருக்கலாம்ல இருளாயி?

— கேட்டா நீங்க பொய் சொல்லியிருப்பீக. மாலை போட்டவரப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனசு வரல மாமா.