ஷெட்டுக்குள்ள மட்டும் இறங்குற பேட்டரி

"ஒரே ஒரு ராத்திரி காரை ஷெட்டுக்கு வெளியில நிறுத்துங்க."

எஸ்டேட் மொதலாளிகிட்ட இதை மட்டும் கேக்காதேன்னு அம்மா சொல்லியிருந்தாள். சம்பளம் கேளு, லீவு கேளு... கார் நிக்கிற இடத்தைப் பத்தி வாயைத் திறக்காத. நான் கேட்டுட்டேன்.

காளியாயியக்கா வீட்டில் லாந்தரைச் சுத்தி உட்கார்ந்திருந்தவங்களுக்கு இப்படித்தான் சொல்ல ஆரம்பிச்சேன். எட்டு மணி இருக்கும். வெளியே பனி, கதவிடுக்கில் புகை மாதிரி நுழைஞ்சுட்டிருந்தது. எங்கம்மா மூலையில். புள்ளைக் காப்பகத்து ஆயா ஜெயமேரியக்கா எனக்கு எதிரில்.

"பேய்க்கதைன்னா யாரோ சிநேகிதியோட மாமனுக்கு நடந்ததுன்னு சொல்லுவாங்க. இது எங்கப்பாவுக்கு நடக்குது. இன்னும் முடியல."

"பி.எஸ்சி. படிச்சுப்போட்டு பேய் ஓட்டற வேலைக்கா கண்ணு போற?" என்றாள் ஜெயமேரியக்கா. எல்லாரும் சிரிச்சாங்க. காளியாயியக்கா சிரிக்கலை.

சொன்னேன்.

விடிகாலை அஞ்சு மணி. கொட்டச்சேடு ரோட்டில் ஒரு ஆள் கிடையாது. மொதலாளி கார் ஓட்டற அப்பா தனியா நடந்து போறார். பங்களாவுக்குப் பின்னால் ஷெட். உள்ளே பெரிய மொதலாளி காலத்துக் கறுப்புச் சீமைக் கார். ஸ்டார்ட்டரை இழுத்தா... டக். அவ்வளவுதான். முந்தின நாள் சார்ஜ் ஏத்தின பேட்டரி, செத்துக் கிடக்குது. பத்து நாளா இதே கதை.

"சின்னையா, ராத்திரியில கார்ல லைட்டைப் போட்டுக்கிட்டுத் தூங்கறயா? இல்ல ரேடியோ கேக்கறயா?" இது மொதலாளி, அப்பாகிட்ட. திங்கக்கிழமைக்குள் கோளாறு சரியாகலைன்னா வேலையும் இல்லை, எஸ்டேட் குடுத்த லைன் வீடும் இல்லை. அப்பா சொன்ன பதில், "சரிங்க." அந்தச் 'சரிங்க'தான் எனக்கு வயித்தெரிச்சல். எங்க வம்சத்தில் முதல் டிகிரி நான். பிசிக்ஸ். ஒரு பேட்டரி எங்கே வடியுதுன்னு கண்டுபிடிக்க முடியாத படிப்பு எதுக்கு?

பஜாரிலிருந்து எலக்ட்ரீசியன் ரஹமத்துல்லா பாயைக் கூட்டிட்டு வந்தேன். பேட்டரி வயரைக் கழட்டி, பேட்டரிக்கும் வயருக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பைச் சேர்த்தார். சுவிட்சு எல்லாம் ஆஃப். பல்பு எரியக் கூடாது. எரிஞ்சா எங்கேயோ கரண்டு கசியுதுன்னு அர்த்தம்.

எரிஞ்சது.

ஃபியூஸை ஒண்ணொண்ணாப் பிடுங்கினோம். எரிஞ்சது. டைனமோ வயரை எடுத்தோம், கடிகார வயரை எடுத்தோம். எரிஞ்சது. "அப்ப எர்த்துதான் சாமி," என்றார் பாய். பேட்டரியையும் கார் உடம்பையும் சேர்க்கிற செம்புப் பட்டை. பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, புது போல்ட்டு போட்டு முறுக்கினோம். எரிஞ்சது. கடைசியில் காரில் ஒரு வயர்கூட மிச்சம் வைக்காமல் பிரிச்சோம்.

எரிஞ்சது...

பாய் பல்பையே பார்த்துட்டிருந்தார். "ஓடறதுக்கு வழியே இல்லாத கரண்டு எங்க சாமி போகுது?"

மலை டிரைவருங்க காரை எப்பவும் சரிவைப் பார்த்துத்தான் நிறுத்துவாங்க. பேட்டரி போனாலும் உருட்டிவிட்டு கியர் போட்டா கிளம்பிடும். இந்தக் கார் மட்டும் நாலு வருசமா ஷெட்டை விட்டு ஒரு ராத்திரியும் வெளியே நின்னதில்லை. வெளியே நின்னாலும் வடியுதான்னு பார்க்கத்தான் மொதலாளிகிட்ட போய்க் கேட்டேன்.

மொதலாளி கோபப்படலை. குரலைத் தணிச்சு, "யாரு கேக்கச் சொன்னது? காளியாயியா?" என்றார்.

நான் அந்தப் பேரையே எடுக்கலை.

லாந்தர் வெளிச்சத்தில் காளியாயியக்கா நிமிர்ந்தாள். அவள் புருசன் மாதேஸ்வரன்தான் எங்கப்பாவுக்கு முன்னாடி அந்தக் காரை ஓட்டினவர். நாலு வருசத்துக்கு முந்தி, காரோட பேட்டரியைத் திருடிட்டு பெங்களூருக்கு ஓடிட்டார்னு மொதலாளி சொன்னார். ஊரும் அதையே சொல்லுச்சு. அன்னியிலிருந்து இவள் திருடன் பொண்டாட்டி. அதே வாரத்தில் ஷெட்டின் செம்மண் தரைக்கு சிமெண்டு போட்டாங்க. எஸ்டேட்டிலேயே மூணு கொத்தனார் இருந்தும், சேலத்திலிருந்து ஆள் வந்து, ஒரே ராத்திரியில்.

"இதெல்லாம் எதுக்குக் கண்ணு இப்ப?" என்றாள் அம்மா.

நான் நிறுத்தலை. இன்னிக்கு மொதலாளி ஜீப்பில் சேலம் போனார். சாயங்காலம் நானும் அப்பாவும் பாயும் காரை வெளியே தள்ளிச் சரிவில் நிறுத்தினோம். பல்பு அணைஞ்சது. உள்ளே தள்ளினோம். எரிஞ்சது. மூணு தடவை பார்த்தாச்சு. மூணாவது தடவை பல்பு வயரோட மறு நுனி என் கை நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது. ஒரு நுனி பேட்டரியில், ஒரு நுனி வெறும் தரையில். கார் நாலு ரப்பர் டயர் மேல நிக்குது. நான் படிச்ச எந்தப் புத்தகப்படியும் அந்த பல்பு எரியக் கூடாது.

இன்னும் பளிச்சுன்னு எரிஞ்சது. ஷெட்டுக்குள்ள பீடி வாசனை... எங்க மூணு பேரில் யாரும் பீடி குடிக்கிறதில்லை. அப்புறம் பல்பு விட்டு விட்டு எரிய ஆரம்பிச்சது. பாய் ஸ்பேனரைப் போட்டுட்டுச் சைக்கிளை எடுத்துட்டார். அப்பா பேட்டரியைக் கழட்டி என்கிட்டக் கொடுத்தார்.

"அதான் இது," என்று காலடியில் இருந்த பேட்டரியைக் காட்டினேன். ஜெயமேரியக்கா முந்தானையை இழுத்துக்கிட்டு தள்ளி உட்கார்ந்தாள். இப்போ யாரும் சிரிக்கலை.

"எப்படி கண்ணு விட்டு விட்டு எரிஞ்சுது?" காளியாயியக்கா கேட்டாள்.

பேட்டரி மேல் விரலால் தட்டிக் காட்டினேன். டொக். டொக். அப்புறம் நகத்தால் நீளமா ஒரு கீறல்.

அவள் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது. மேல் வளைவில் திரும்பும்போது மாதேஸ்வரன் அடிக்கிற ஹாரன் அது. ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. டீத்தண்ணி வை, வந்துட்டேன்னு அர்த்தம். லைன் முழுக்கத் தெரியும்.

"உட்டுரு கண்ணு," என்றாள் அம்மா. "அவிய நொம்பப் பெரிய எடம்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அம்மா லாந்தரைப் பார்த்தாள்.

அப்போதான் கேட்டது. மேலே, பங்களாப் பக்கம், பனிக்குள்ளிருந்து.

பாம். பாம்... பாஆஆம்.

பேட்டரி என் காலடியில் இருக்குது.

எல்லாரும் கதவையே பார்த்தாங்க. காளியாயியக்கா மட்டும் எழுந்து, கைப்பழக்கம் மாதிரி, டீச்சட்டியில் தண்ணி ஊத்தி அடுப்பில் வெச்சாள்.

கதை சொல்ல உட்காருறதுக்கு முன்னாடியே கதவுக்கு வெளியே கடப்பாரையைச் சாத்தி வெச்சிருந்தேன். ஷெட்டுத் தரையை உடைக்கும்போது எனக்குச் சாட்சிதான் வேணும். அதுக்குத்தான் இத்தனை பேரைக் கூப்பிட்டது.

லாந்தரை எடுத்துக்கிட்டு வெளியே நடந்தேன்.